எண்ட்கேம் மேட்டில் செஸ் என்ஜினைச் சோதிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் செஸ் வகுப்பு எடுக்கிற எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். எண்ட்கேம், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டம்; பலகையில் ராஜாவும் யானையும் ஒரு பக்கம், வெறும் ராஜா மறுபக்கம். செஸ் ஆடும் நிரலான என்ஜின் பெரிய பிளஸ் எண் ஒன்றைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "அண்ணே, மேட்டுன்னா மேட்டுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்பான் பையன்.

நியாயமான கேள்விதான். ஸ்டாக்ஃபிஷ் போன்ற என்ஜின்கள் ஆட்டத்தை வெல்வதற்காகச் செய்யப்பட்டவை. மேட்டை நிரூபிப்பது அவற்றின் முதல் வேலை இல்லை. ஒரு நிலை எப்படியும் வெற்றிதான் என்று மதிப்பீட்டில் தெரிந்துவிட்டால், அதைவிடக் குறுகிய மேட் இருக்கிறதா என்று எல்லா மூவையும் அலசாமல் பெரும்பகுதியை வெட்டித் தள்ளிவிடும். அந்த வெட்டுதான் அதன் பலம். மேட் சோதனையில் அதுவே அதன் பலவீனமாகத் தெரியும். அதனால் "எந்த என்ஜின் மேட்டை வேகமாகக் கண்டுபிடிக்கிறது" என்று மொட்டையாகக் கேட்டால் கிடைக்கிற பதிலும் மொட்டையாகவே இருக்கும்.

ஒரு சின்னக் குறிப்பு. என்ஜினோடு பேசப் பயன்படும் யூசிஐ கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்துகளாகவே தட்டுங்கள். கட்டங்களை ஏ முதல் எச் வரை, 1 முதல் 8 வரை என்று வழக்கம்போலக் குறிக்கிறேன்.

கேள்வியை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

"மேட் கண்டுபிடித்தது" என்பதற்குள் நான்கு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. என்ஜின் மேட் என்று அறிவித்ததா? அறிவித்த மேட் இருப்பதிலேயே குறுகியதா? அதற்கு எத்தனை நிலைகளைத் தேடியது? எதையும் அறிவிக்காவிட்டாலும், ஆட வைத்தால் உண்மையில் மேட் போட்டு முடிக்கிறதா?

இந்த நான்கையும் ஒரே மதிப்பெண்ணில் கலந்தால் சோதனை கெட்டுவிடும். பயிற்சிக்கு என்ஜின் தேடுகிறவருக்குக் கடைசிக் கேள்விதான் முக்கியம். செஸ் புதிர்களைச் சரிபார்க்கிறவருக்கு இரண்டாவது கேள்விதான் உயிர். என்ஜின் எழுதுகிறவர் மூன்றாவதைப் பார்ப்பார். உங்களுக்கு எது வேண்டும் என்று முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

தேவையானவை

அதிகம் ஒன்றுமில்லை. ஸ்டாக்ஃபிஷ் இலவசம், திறமூலம். ஒப்பிட இன்னொரு என்ஜின் வேண்டும். முற்றிலும் வேறு வகையாகத் தேடும் லீலாவை எடுத்தால் சுவாரசியமாக இருக்கும். அரீனா, கியூட்செஸ் மாதிரி ஒரு பலகைச் செயலி போதும். பத்து நிலைக்கு மேல் போனால் கையால் செய்வது கொல்லும். பைத்தான் கொஞ்சம் தெரிந்தவர் பைத்தான்-செஸ் நூலகத்தைப் பயன்படுத்தலாம். என்ஜினைத் திறப்பது, நிலையைக் கொடுப்பது, வந்த வரிசை உண்மையில் மேட்டில் முடிகிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும் அதுவே செய்யும்.

அப்புறம் டேபிள்பேஸ், அதாவது சில காய்களே மிஞ்சிய எல்லா நிலைகளுக்கும் விடையை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த கோப்பு. ரொனால்ட் டி மான் 2013-இல் வெளியிட்ட சிசிஜி வகைதான் இன்று பொதுவழக்கு. ஐந்து காய் வரைக்கும் சுமார் 1 ஜிபி, ஆறு காய்க்குச் சுமார் 150 ஜிபி. ஏழு காய்க்கு 17 டெராபைட் அளவுக்குப் போய்விடும், வீட்டில் வைக்க ஆகாது. ஐந்து காய் போதும். காய் எண்ணிக்கையில் இரண்டு ராஜாக்களும் சேர்த்தி என்பதை மறக்க வேண்டாம்.

இங்கே ஒரு முக்கியமான நுணுக்கம் இருக்கிறது. சிசிஜி கோப்புகள் வெற்றியா தோல்வியா டிராவா என்று சொல்லும். அடுத்த காய்வெட்டோ சிப்பாய் நகர்வோ எவ்வளவு தூரத்தில் என்று சொல்லும். மேட் எத்தனை மூவில் என்பது அதில் கிடையாது. அது வேண்டுமானால் நாலிமோவ் அல்லது கவியோட்டா வகை டேபிள்பேஸ் வேண்டும். லிச்செஸ் தளத்தின் டேபிள்பேஸ் பக்கத்தில் ஐந்து காய் வரை மேட் தூரமும் காட்டும்; பெரும்பாலான வேலைக்கு அதுவே போதும்.

நிலைகளைத் தேர்ந்தெடுப்பது

சோதனையின் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது. நிலை தவறானால் அதன்மேல் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் வீண். நான்கு வகையாகச் சேர்ப்பது என் வழக்கம்.

முதல் வகை அடிப்படை மேட்டுகள். இவற்றின் உச்ச வரம்பு துல்லியமாகத் தெரியும். இரு பக்கமும் மிகச் சரியாக ஆடினால், ராணி வைத்திருப்பவர் வெறும் ராஜாவை அதிகபட்சம் 10 மூவில் மேட் செய்துவிடலாம். யானைக்கு 16, இரண்டு பிஷப்புக்கு 19, பிஷப்பும் குதிரையும் சேர்ந்தால் 33. எதிரியிடம் வெறும் ராஜாவே இருக்கும் ஒரு பிஷப்-குதிரை நிலையில் ஒரு என்ஜின் 40 மூவில் மேட் என்று சொன்னால், அது வெற்றியைக் கண்டிருக்கிறது, குறுகிய வழியைக் காணவில்லை என்று டேபிள்பேஸைத் திறக்காமலே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது வகை சுக்ஸ்வாங். எதிரிக்கு நகர்த்தியே ஆக வேண்டும், எதை நகர்த்தினாலும் கேடு. இதில்தான் என்ஜின்களின் குறுக்குவழி ஒன்று தடுக்கி விழும். நல் மூவ் என்று ஓர் உத்தி உண்டு: தன் முறையை விட்டுக்கொடுத்துவிட்டுத் தேடிப் பார்ப்பது; அப்படியும் நிலை நன்றாக இருந்தால் அந்தக் கிளையை வெட்டிவிடுவது. முறையை விட்டுக்கொடுப்பதே லாபம் என்கிற சுக்ஸ்வாங்கில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் உள்ள பக்கத்துக்குப் பெரும்பாலான என்ஜின்கள் இதை நிறுத்தி வைக்கும். அதனால் சோதனைக்கு, தற்காக்கும் பக்கத்திடம் ஒரு பெரிய காயாவது இருக்கும் சுக்ஸ்வாங் வேண்டும்.

அதற்கு 18-ஆம் நூற்றாண்டு ஃபிலிடோர் நிலையைவிட நல்லது கிடைக்காது. வெள்ளை ராஜா சி6, ராணி ஏ5. கறுப்பு ராஜா பி8, யானை பி7. இதில் முறை கறுப்புக்கு என்றால் யானை ராஜாவை விட்டு விலகியே ஆக வேண்டும்; விலகியதும் செக்குகளில் மாட்டி ராணியிடம் பறிபோகும். முறை வெள்ளைக்கு என்றால் வெள்ளை ஒரு சுற்று சுற்றி அதே நிலைக்கு வந்து முறையை எதிரியிடம் தள்ள வேண்டும்: ராணி இ5 செக், கறுப்பு ராஜா ஏ7, ராணி ஏ1 செக், ராஜா பி8, ராணி ஏ5. நடுவில் கறுப்பு ராஜா சி8-க்கு ஓடினால் ராணி இ8-இல் உடனே மேட். ஏ8-க்குப் போய், ஏ1 செக்குக்கு யானையை ஏ7-இல் குறுக்கே வைத்தால் ராணி எச்8-இல் மேட். இந்த நிலையை இரண்டு முறையிலும் கொடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் எத்தனை நோடு (என்ஜின் தேடிப் பார்க்கும் ஒவ்வொரு நிலையும் ஒரு நோடு) செலவாகிறது என்ற வித்தியாசம் நிறையச் சொல்லும்.

மூன்றாவது, சிப்பாயை ராணியாக்காமல் வேறு காயாக்குவது. 1895-இன் சாவேத்ரா நிலை இதற்கென்றே பிறந்தது. வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி6; கறுப்பு ராஜா ஏ1, யானை டி5; வெள்ளை ஆட வேண்டும். சிப்பாய் சி7, பிறகு யானை செக்குகளுக்கு வெள்ளை ராஜா பி5, பி4, பி3, சி2 என்று படிப்படியாக இறங்கும். கறுப்பு யானை டி4-க்கு வந்து பொறி வைக்கும். அங்கே ராணி எடுத்தால் யானை சி4 செக், ராணி அதை வெட்டினால் ஸ்டேல்மேட் (செக் இல்லை, ஆட மூவும் இல்லை, டிரா). யானையாக்கினால் வெற்றி: ஏ8-இல் மேட் மிரட்டல், கறுப்பு ஏ4-இல் தடுக்கும், வெள்ளை ராஜா பி3-க்கு வந்து ஒரே மூவில் யானையையும் தாக்கி, சி1-இல் மேட்டும் மிரட்டும். நான்கே காய் என்பதால் விடையைச் சரிபார்ப்பது சுலபம். ஆனால் இந்த நிலை எல்லோருக்கும் தெரியும். அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

நான்காவது, டேபிள்பேஸுக்கு எட்டாத, காய் நிறைந்த இயற்றிய புதிர்கள். இவற்றைப் பத்திரிகையிலிருந்தோ புத்தகத்திலிருந்தோ எடுக்கும்போது அச்சிட்ட விடையை அப்படியே நம்பாதீர்கள். மேட் நிரூபிக்கவே எழுதப்பட்ட செஸ்ட், பாப்பாய் போன்ற நிரல்களில் ஒருமுறை ஓட்டி உறுதிசெய்த பிறகே தொகுப்பில் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு நிலையையும் இடவலமாகத் திருப்பி இன்னொன்று செய்துகொள்ளுங்கள். ஃபிலிடோர் நிலை திரும்பினால் வெள்ளை ராஜா எஃப்6, ராணி எச்5, கறுப்பு ராஜா ஜி8, யானை ஜி7 என்றாகும். கேஸ்லிங் உரிமை இல்லாத எண்ட்கேமில் மேட் தூரம் அப்படியேதான் இருக்க வேண்டும். ஆனால் மூவ்களை வரிசைப்படுத்தும் ஒழுங்கு மாறுவதால் செலவாகும் நோடுகள் மாறக்கூடும். ஒரே நிலையின் இரண்டு முகங்களுக்கு நடுவிலேயே பெரிய இடைவெளி இருந்தால், இரண்டு என்ஜின்களுக்கு நடுவே தெரியும் சின்ன இடைவெளியை வைத்து வெற்றி தோல்வி பேச முடியாது.

என்ஜின் அமைப்புகள்

திரெட்ஸ், அதாவது ஒரே நேரத்தில் இணையாக ஓடும் தேடல்களின் எண்ணிக்கை, 1 என்று வையுங்கள். எட்டு கோர் இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். பல திரெட்டில் ஓட்டினால் ஒவ்வொரு முறையும் தேடல் சற்று வேறு வழியில் போகும். ஒரே நிலைக்கு நேற்று ஒரு விடை, இன்று ஒரு விடை வரும். ஒற்றைத் திரெட்டும் நோடு வரம்பும் வைத்தால் எத்தனை முறை ஓட்டினாலும் அதே முடிவு. ஹாஷ் (தேடிய நிலைகளை என்ஜின் நினைவில் வைக்கும் இடம்) அளவை எல்லா என்ஜினுக்கும் ஒன்றாக வைத்து, நிலைக்கு நிலை "யூசிஐநியூகேம்" அனுப்பி, "இஸ்ரெடி"க்குப் பதில் வரும்வரை பொறுங்கள். இதைச் செய்யாவிட்டால் முந்தைய நிலையில் கற்றது ஹாஷில் தங்கி அடுத்ததற்கு உதவும். ஃபிலிடோரின் இரண்டு முறைகளையும் அடுத்தடுத்து கொடுக்கும்போது இது அப்பட்டமாகத் தெரியும்.

டேபிள்பேஸ் இல்லாமல் ஒரு சுற்று, இருந்து ஒரு சுற்று. இரண்டையும் கலக்காதீர்கள். டேபிள்பேஸோடு ஓடும்போது ஸ்டாக்ஃபிஷ் மேட் என்று சொல்லாமல் 20000 சென்டிபானை (ஒரு சிப்பாயின் மதிப்பில் நூறில் ஒரு பங்குதான் சென்டிபான்) ஒட்டிய ஒரு மதிப்பைக் காட்டலாம். கோப்பில் வெற்றி என்று இருக்கிறது, மேட் எங்கே என்று இன்னும் தேடவில்லை என்றுதான் அதற்குப் பொருள். மேட் சோதனையில் அதை மேட்டாக எண்ணக் கூடாது.

நேரத்தை வைத்து அளக்காதீர்கள், நோடை வைத்து அளங்கள். சித்திரை வைகாசியில் காரைக்குடி மதியத்தில் லேப்டாப்பை ஓடவிட்டால் சிப் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் பத்து வினாடியில் கண்ட மேட்டுக்கு மதியம் கூடுதலாகும். வளவில் ஆத்தங்குடித் தரையில் வைத்தால் சூடாகாது என்று பிள்ளைகள் சொல்வார்கள். காற்று போகும் துளை அடைபடாதவரை நல்ல யோசனைதான், ஆனாலும் அது அளவுகோல் ஆகாது. சார்ஜரில் ஓடுவதும் பேட்டரியில் ஓடுவதும்கூட வேறு வேறு வேகம். லீலாவின் நோடும் ஸ்டாக்ஃபிஷின் நோடும் ஒரே எடை இல்லை என்பது உண்மைதான். அந்த இரண்டையும் ஒப்பிடும்போது மட்டும் நேரத்துக்குப் போங்கள், அதுவும் மாறி மாறி ஓட்டி.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் நீண்ட சோதனையைத் தொடங்க வேண்டாம். தொடங்கினால், ஒவ்வொரு நிலை முடிந்ததும் முடிவைக் கோப்பில் எழுதிவிடும்படி நிரலை அமையுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் முன் ஒரு பரிசோதனை

சோதனைக் கருவியே சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு இந்தச் சின்ன நிலை போதும்: வெள்ளை ராஜா பி6, யானை டி1, கறுப்பு ராஜா சி8, வெள்ளை ஆட்டம். கறுப்பு ராஜாவுக்கு பி8 தவிர வேறு கட்டம் இல்லை. வெள்ளை யானையை டி வரிசையிலேயே ஒரு கட்டம் சும்மா நகர்த்தினால் போதும்; ராஜா பி8-க்குப் போயே ஆக வேண்டும், யானை டி8-இல் மேட். ஆக, இரண்டு மூவில் மேட்.

"கோ மேட் 2" என்று கொடுங்கள். "ஸ்கோர் மேட் 2" வர வேண்டும். "கோ மேட் 1" கொடுத்தால் ஒரு மூவில் மேட் என்று சொல்லக் கூடாது. அப்படி இல்லாத மேட்டைத் தேடச் சொன்னால் சில என்ஜின்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், ஆகவே கூடவே நோடு வரம்பும் கொடுங்கள். எத்தனை சிறந்த வரிகளைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் மல்டிபிவியை 6 என்று வைத்துப் பாருங்கள்: யானை டி2, டி3, டி4, டி5, டி6 ஐந்துக்கும் மேட் 2 வர வேண்டும், ஆறாவது வரி நீளமாக இருக்க வேண்டும். டி7-க்குப் போனால் கறுப்பு ராஜா யானையையே வெட்டிவிடும்.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. சரியான முதல் மூவ் ஐந்து இருக்கும்போது, "சிறந்த மூவ் டி2" என்று விடைத்தாளில் எழுதி வைத்தால் டி3 ஆடிய என்ஜினுக்குப் பூஜ்யம் போட்டுவிடுவோம். எண்ட்கேம் மேட் தொகுப்பில் விடையாக மூவை எழுதாமல் மேட் தூரத்தை எழுதுங்கள். நிலைகளையும் விடைகளையும் எழுதி வைக்கும் இபிடி கோப்பில் அதற்கென்றே "டிஎம்" என்று ஒரு குறியீடு உண்டு.

முறையைக் கறுப்புக்கு மாற்றினால் "மேட் -1" வரும். கழித்தல் குறி, ஆட வேண்டியவர் மேட் ஆகப் போகிறார் என்பதைக் குறிக்கும். எண் முழு மூவில்தான், அரை மூவில் (ஒரு பக்கம் மட்டும் ஆடிய ஒரு மூவ்) இல்லை. நிரல் எழுதும்போது இந்த இரண்டு இடத்திலும்தான் ஆட்கள் அதிகம் வழுக்குவார்கள்.

ஐம்பது மூவ் விதி

காய் வெட்டாமலும் சிப்பாய் நகர்த்தாமலும் இரு பக்கமும் ஐம்பது மூவ், அதாவது 100 அரை மூவ், ஆடிவிட்டால் டிரா என்பதே இந்த விதி. நிலையை ஒரே வரியில் எழுதும் ஃபென் வரியில் ஐந்தாவது இடத்தில் ஓர் எண் இருக்கும். கடைசியாகக் காய் வெட்டியோ சிப்பாய் நகர்த்தியோ எத்தனை அரை மூவ் ஆயிற்று என்ற கணக்கு அது. பலரும் அங்கே 0 போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். மேலே சொன்ன நிலையில் அந்த எண்ணை 97 ஆக்கிப் பாருங்கள். மேட் ஆக மூன்று அரை மூவ் வேண்டும். கணக்கு 100-ஐத் தொடும் அதே கணத்தில் மேட் விழுகிறது, மேட்டுக்கே முன்னுரிமை. ஆகவே மேட் 2. இனி 98 ஆக்குங்கள். கறுப்பு ராஜா பி8-க்குப் போனதுமே கணக்கு 100, டிரா. என்ஜின் இப்போது பூஜ்யம் காட்ட வேண்டும். பலகையில் ஒரு காய்கூட மாறவில்லை, மதிப்பு மட்டும் தலைகீழ். இதில் பிசகும் என்ஜினை நீண்ட மேட்டுகளில் நம்ப முடியாது.

நீண்ட மேட்டுகளில் இது ஏன் அவ்வளவு முக்கியம்? இரண்டு குதிரைகள் ஒரு சிப்பாய்க்கு எதிராக 115 மூவ் வரை எடுத்துக்கொள்ளும் நிலைகள் இருக்கின்றன. ஏழு காயில் ஒரு நிலைக்கு மேட் 549 மூவ் தள்ளி இருக்கிறது. இப்படிப்பட்டவை விதியைக் கணக்கில் எடுத்தால் டிராவாகிவிடலாம், எடுக்காவிட்டால் வெற்றி. உங்கள் தொகுப்பு எந்தக் கணக்கில் என்பதை முடிவு செய்து, ஸ்டாக்ஃபிஷில் சிசிஜி ஐம்பது மூவ் விதிக்கான தேர்வையும் அதற்கேற்ப வையுங்கள்.

முடிவுகளைப் படிப்பது

என்ஜின் வரிவரியாகக் கொட்டும்போது முதலில் மேட் என்ற சொல் வந்த வரியையும், கடைசியாக மேட் எண் குறைந்த வரியையும் தனித்தனியே குறியுங்கள். இரண்டும் வேறு வேறு நோடு எண்ணில் இருக்கும். "லோயர்பவுண்ட்", "அப்பர்பவுண்ட்" என்று வால் ஒட்டிய வரிகளை விட்டுவிடுங்கள், அவை தேடலின் பாதிவழிப் பேச்சு.

கிடைத்ததை டேபிள்பேஸோடு ஒட்டிப் பார்த்தால் மூன்று வகை வரும். எண் சரியாகப் பொருந்தினால் குறுகிய மேட். எண் கூடுதலாக இருந்தால் மேட் உண்மை, வழி நீளம். எண் குறைவாக இருந்தால்? அது நடக்கவே கூடாது. நகரத்தார் கடைகளில் ஐந்தொகை ஒரு காசு இடித்தாலும் பேரேட்டை முதலிலிருந்து புரட்டுவார்களே, அதேபோல இங்கேயும் நின்றுவிட வேண்டும். ஃபென் தப்பா, முறை மாறிப்போனதா, அரை மூவை முழு மூவாக எண்ணினோமா என்று முதலில் நம் பக்கம் பாருங்கள். எல்லாம் சரியென்றால் என்ஜினில் பிழை, அதை எழுதியவருக்குத் தெரியப்படுத்தலாம்.

ஒழுங்காக எழுதப்பட்ட என்ஜின் மேட் என்று சொன்னால் மேட் இருக்கிறது என்று நம்பலாம். அதுதான் மிகக் குறுகியது என்று மட்டும் நம்பக் கூடாது. "கோ மேட் 12" கொடுத்து 12 வந்துவிட்டால், 11 இல்லை என்று அது நிரூபித்ததாக ஆகாது.

காட்டிய மூவ் வரிசையையும் கடைசிவரை ஆட வைத்துப் பாருங்கள். மேட் 9 என்று சொல்லிவிட்டு வரிசையில் ஐந்து மூவ் மட்டும் இருக்கலாம். ஹாஷிலிருந்து மதிப்பை எடுத்ததால் வால் அறுந்திருக்கும். அதைத் தவறு என்று எண்ண வேண்டாம், தனியாக ஒரு பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆட வைத்துப் பார்ப்பது

என்னைக் கேட்டால் வகுப்புக்கு இதுதான் உண்மையான சோதனை. ஒரு பக்கம் சோதிக்கிற என்ஜின், மூவுக்கு ஒரு சின்ன நோடு வரம்போடு. மறுபக்கம் மேட்டை மிக நீளமாக இழுக்கும் மூவை டேபிள்பேஸைப் பார்த்து ஆடும் நிரல். ஒவ்வொரு வெள்ளை மூவுக்குப் பிறகும் மேட் தூரத்தைக் குறியுங்கள். சரியான மூவ் என்றால் தூரம் ஒன்று குறையும். குறையாமல் நின்ற இடங்களையும், கூடிய இடங்களையும் எண்ணினால் என்ஜின் எங்கே தடுமாறுகிறது என்று தெரியும். பிஷப்-குதிரை மேட்டில், தப்பான நிற மூலையிலிருந்து (பிஷப் ஓடாத நிறம்) ராஜாவை வெளியே விரட்டும் கட்டத்தைக் கவனித்துப் பாருங்கள்.

லீலாவை இதில் நிறுத்துவது நியாயமாகவும் இருக்கும். 2018-இல் வந்த அந்த என்ஜின், நரம்பு வலையமைப்பின் மதிப்பீட்டை நம்பி, கிளைகளை மரமாக வளர்த்துத் தேடுகிறது. மேட் அறிவிப்பில் அதற்கு அக்கறை குறைவு. முதல் சோதனையில் பின்தங்கியதை வைத்து எண்ட்கேம் ஆடத் தெரியாது என்று தள்ளிவிட்டால் அது அநியாயம்.

அட்டவணையில் எழுதும்போது என்ஜினின் பதிப்பு எண், எந்த வகைச் சிப்புக்கான பதிவிறக்கம், ஹாஷ், திரெட், டேபிள்பேஸ் உண்டா இல்லையா, நோடு வரம்பு இவ்வளவும் தலையில் இருக்கட்டும். கீழே நிலைவாரியாக: உண்மைத் தூரம், சொன்ன தூரம், முதலில் மேட் சொன்ன நோடு, குறுகிய மேட் சொன்ன நோடு. கூட்டுத்தொகை ஒன்றே ஒன்று போட வேண்டுமென்றால் வகைவாரியாகப் போடுங்கள். அடிப்படை மேட்டில் எல்லா என்ஜினும் நன்றாகத்தான் செய்யும், அது சுக்ஸ்வாங் வகையின் தோல்வியை மூடிவிடும்.

எந்த என்ஜினாலும் வரம்புக்குள் காண முடியாத நிலைகளை ஒதுக்கி வையுங்கள், தூக்கிப் போடாதீர்கள். நோடு வரம்பைப் பத்து மடங்காக்கி அவற்றை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் அசையாதவற்றை, ஸ்டாக்ஃபிஷிலிருந்து பிரித்து மேட் தேடலுக்கென்றே மாற்றப்பட்ட மேட்ஃபிஷுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஆட்டத்தில் ஸ்டாக்ஃபிஷிடம் தோற்கிற நிரல்கூட இங்கே முந்திக்கொள்ளலாம்.